கருப்புச்சட்டைக்கு வந்த சாமி

சாமி இல்லை என்று ஊரெல்லாம் வாதாடி, கடைசியில் ஒரு சாமியையே உண்டாக்கிவிட்டுப் போன நாத்திகர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒருவர்தான். எங்கள் கருப்புச்சட்டை. அந்தச் சாமியால் போன என் நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை. நான் நிர்வாக அதிகாரி, அவர் தோட்ட சூப்பர்வைசர். பங்குனி வெயிலிலும் கருப்புச் சட்டைதான். ஆயுத பூஜைப் பொரியை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கேட்டால், "பூஜை வேற, பொரி வேற சார்."

தோட்ட சூப்பர்வைசர் என்றுதான் பெயர். ரோஜாச் செடிக்கு அவர் தண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. கரும்பு டிராக்டர்கள் நிற்கும் யார்டுக்குப் பின்னால் சூரையும் காரையும் கள்ளியுமாக ஒரு முள்ளுக்காடு கிடந்தது. அதில்தான் மனுஷனுக்கு உயிர். கௌதாரி, முயல், உடும்பு எல்லாம் அங்கே குடியிருந்தன. கௌதாரி குஞ்சு பொரித்திருக்கிறது, ஹாரன் அடிக்காதே என்று டிராக்டர்க்காரர்களோடு மல்லுக்கு நிற்பார். பஞ்சாயத்து என் மேஜைக்கு வரும்.

திடீரென்று தலைமை அலுவலகத்துக்கு இயற்கைமேல் காதல் வந்தது. ஆலை வளாகத்தில் பல்லுயிர்ப் பூங்கா அமைக்க உத்தரவு போட்டார்கள். புல்தரை, நீரூற்று, சிமெண்டில் ஒரு மான், ஜோடி மயில். இதற்கெல்லாம் இடம்? அந்த முள்ளுக்காடேதான்.

"உசுரோட கீறத அழிச்சிட்டு சிமெண்ட்ல செய்யப் போறீங்களா? இன்னா சார் நியாயம் இது?"

"மேலிடத்து ஆர்டர்யா. என் உசுர வாங்காத!"

ஜேசிபி வந்த அன்று காலையில் பார்த்தால், காட்டு முகப்பில் புதிதாக ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சம்பழம். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றினார். "முனி கீது சார். நான் புள்ளகுட்டிக்காரன்." ஜெனரல் மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூங்காவை கெஸ்ட் ஹவுஸ் பக்கம் மாற்றிவிட்டார். கருப்புச்சட்டை ஒன்றும் தெரியாதவர்போல நின்றிருந்தார். விரலெல்லாம் மஞ்சள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? சாமி என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கரும்பு வெட்டும் ஆட்கள் பொங்கல் வைத்தார்கள். வேண்டுதல் பலித்ததென்று கூட்டம் பெருகியது. ஆடி மாதம் முனிக்குத் தகரக் கொட்டகை போடுவதென்று முடிவுசெய்து, முள்ளை வெட்ட அரிவாளோடு வந்து நின்றார்கள். பூங்காவுக்குத் தப்பிய காடு பக்தியிடம் மாட்டிக்கொண்டது.

கருப்புச்சட்டை ஓடிவந்தார். "சாமியும் இல்ல, பூதமும் இல்லய்யா! கல்ல நட்டதே நான்தான்!"

ஓர் அம்மாள் அசரவில்லை. "உன் கையால நட வெச்சதே அவுருதான்!"

வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர் அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி "ஏய்ய்ய்!" என்று ஒரு துள்ளு துள்ளினார் பாருங்கள்!

"எனுக்குக் கொட்டாய் வாணாம்டா! மைக் செட்டு வாணாம்! என் முள்ளுல கை வெச்சவன் கண்ணு பூடும்! கௌதாரி என் புள்ளடா!"

அரிவாள்கள் கீழே விழுந்தன. சட்டையை உதறிக்கொண்டு வந்தவர் என் காதோரம் சொன்னார்: "வெளிய சொல்லிடாதீங்க சார். இயக்கத்துல மானம் பூடும்."

பிறகு வருஷா வருஷம் ஆடியில் அவர் ஆட வேண்டியதாயிற்று. சாமியாட ஊழியருக்கு ஆன்-டூட்டி போட்டுக்கொடுத்த நிர்வாக அதிகாரி இந்தியாவிலேயே நான் ஒருவன்தான்.

ரிடையராகி அவர் கச்சிராயபாளையம் போய்விட்டார். தொல்லை விட்டது என்றிருந்தேன். இந்த ஆடியில் மறுபடியும் தகரமும் அரிவாளும் வந்தன. தடுத்துப் பார்த்தேன். "சாமி சொல்லட்டும் சார்" என்றார்கள். சாமிக்கு நான் எங்கே போவேன்? முள்ளுக்குள் குஞ்சுகள் வேறு கீச்சிட்டுக்கொண்டிருந்தன. ஷூவைக் கழற்றினேன்.

காடு தப்பியது. என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. யார் வத்திவைத்தார்களோ!

"இன்னா சார், படிச்ச நீங்களுமா? சாமியே இல்லன்னு எத்தினி தபா சொல்லிக்கினு இருந்தேன்!"

திருப்பித் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் முள்ளுக்குள்ளிருந்து கௌதாரி கத்தியது. அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போனைக் காட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.