குறை பாயின் ஸ்கூட்டர்

விருதுநகரில் பிறந்தும் ஒரு பொருளை விற்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருந்தார். அவருடைய பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் குறை பாய். சட்டம் படித்தவர். இஸ்லாமியச் சட்டத்தில் வணிகமும் காவலும் என்று முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டி அச்சிடும் கம்பெனியில் தரம் பார்க்கும் பொறியாளராக நான் சேர்ந்தபோதும் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பதவி உயர்வு வந்தபோதும் செய்துகொண்டிருந்தார்.

அவருக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. விற்பவர் பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொல்லி விற்றால் வாங்கியவர் திருப்பித் தர முடியாது. மறைத்து விற்றால் தரலாம். மற்றவர்கள் இதைப் படித்துத் தேர்வு எழுதுவார்கள். பாய் தன் ஸ்கூட்டரில் செய்து பார்த்தார்.

"மழைன்னா ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்டு தானா மடங்கும். ஹாரன் அடிச்சா லைட்டு அணையும்."

"வேற?" என்றார் மல்லாங்கிணற்றிலிருந்து வண்டி பார்க்க வந்தவர்.

"இருக்கு, உக்காருங்க. டீ சொல்றேன்."

வந்தவர் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார். 'விற்பனைக்கு' என்ற அட்டை வெயிலில் வெளுத்தது. பாய் புது அட்டை எழுதினார்.

அந்தக் காலத்து இஸ்லாமிய ஆட்சிகளில் முஹ்தஸிப் என்று கடைவீதிக்கு ஓர் அதிகாரி உண்டாம். தராசைச் சோதிப்பார், கலப்படத்தைப் பிடிப்பார். மூடிய கதவுக்குள் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். பாய் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டு பருப்புக் கடைகளின் தராசைத் தட்டிப் பார்க்கக் கிளம்பினார். வியாபாரிகள் புகார் கொடுத்தார்கள்.

"ஒங்களுக்கு யாரு பாய் இந்த அதிகாரத்தக் குடுத்தது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பாய் யோசித்தார். "யாரும் குடுக்கல சார். ஆட்சியில உள்ளவுக நியமிக்கணும். அப்ப நான் செஞ்சது தப்புதான். கேஸ் போடுங்க."

"வீட்டுக்குப் போங்க பாய்."

"அதெப்படி சார், கேஸ் இல்லாமப் போறது?"

கடைசியில் புகார் கொடுத்தவர்களே வந்து அவரை ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து கூட்டிப்போனார்கள்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் கம்பெனியில் கலர் சரிபார்க்கும் ஷமீமாவைப் பிடித்துப்போனது. தனக்கென்று ஒன்று வேண்டும் என அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெண் பார்க்கப் போகும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"பாய், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சரிம்மா."

ஷமீமாவின் அத்தா முறுக்குத் தட்டை நகர்த்திவைத்து, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லைல்ல?"

பாய் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னார். குறட்டை, முடியாத ஆய்வு, நிரந்தரமில்லாத விரிவுரையாளர் வேலை, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, எடை போட்டுப் பார்க்காமல் அரிசி வாங்க முடியாத வியாதி. அத்தாவின் கை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பாயின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. ஆனாலும், "இன்னும் ரெண்டு இருக்கு" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஷமீமாவின் குரல் வந்தது. "அத்தா, நம்ம பக்கமும் சொல்லிருங்க. என் வயசுல ரெண்டு கொறச்சுச் சொல்லியிருக்கீக."

"ஏ புள்ள, சும்மா இரு."

"எனக்குச் சமைக்க வராது. கோவம் வந்தா பேசவே மாட்டேன். தெரிஞ்சு எடுத்துட்டா திருப்பி அனுப்ப முடியாது, கேட்டுக்கோங்க."

முன்பொரு நாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது பாயின் அந்த விதியை அவளிடம் சொல்லிச் சிரித்தவள் நான்தான். பாயோ, தன் ஆய்வை ஒருவர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சம்மதம்" என்றார். அவர் ஒரே வார்த்தையில் பேசி முடித்தது அன்றுதான்.

கல்யாணம் ஆகி, வெளியூரில் நிரந்தர வேலையும் கிடைத்து அவர்கள் கிளம்பியபோது, ஸ்கூட்டரை நான் வாங்கிக்கொண்டேன். குறைகளை ஒன்றுவிடாமல் சொன்னார். நானும் ஒன்றுவிடாமல் சரிபார்த்தேன். எல்லாம் உண்மை.

ஒன்றை மட்டும் மறைத்துவிட்டார். ஆமத்தூர் தாண்டி மழையில் வண்டி நிற்கும்போதெல்லாம், ஏன் நின்றது என்று விளக்கப் பாயின் குரல் வரும் என என் தலை தானாகத் திரும்புகிறது. மறைத்த குறைக்காக வண்டியைத் திருப்பித் தர அவருடைய சட்டத்தில் இடம் உண்டு. நான் தரவில்லை.