மைலேஜுக்குப் போன என் வேலூர் வேலை

எங்கள் குடும்பத்தில் எனக்கு ‘மேக்கப் அண்ணி’ என்று பெயர். கண்ணாடி முன்னால் நின்று நின்றே கவர்மெண்ட் வேலையைக் கோட்டை விட்டவள் என்பது இதன் வரலாறு. பெயர் வைத்தவர் என் கொழுந்தனார். வரலாற்றை எழுதியவர் என் கணவர். இருவரும் இன்றும் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு தடவையாவது நான் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதுசு. கணவருக்கு அரிசி மண்டியில் வேலை. மண்டி முதலாளி தள்ளிவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டில் நின்றது. புதுசாகக் கல்யாணமானவர்கள் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார்.

“வண்டி பெட்ரோலையும் காத்தையும் கலந்துதான் குடிக்குது. பெட்ரோல கம்மி பண்ணி காத்த ஜாஸ்தி பண்ணா மைலேஜ் பிச்சிக்கும். ஒரே கண்டிஷன். ஒரே வேகத்துல போய்க்கினே இருக்கணும். ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது.”

“அப்படியாங்க!” என்றேன். (அந்த ‘அப்படியாங்க’வை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

பெட்ரோல் வரும் வழியில் பித்தளையில் ஒரு குட்டித் திருகாணி இருந்தது. அதற்கு ஜெட் என்று பெயராம். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. மின்சார ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அந்த ஓட்டைக்குள் செருகினார். ஸ்டவ்வில் ஓட்டை அடைத்துக்கொண்டால் நாங்கள் ஸ்டவ் ஊசியால் குத்தித் திறப்போம். இவர் நன்றாகத் திறந்திருந்த ஓட்டையை அடைத்துவிட்டு, ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தது சோதனை ஓட்டம். ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லாமல், நிறுத்தாமல் சுற்றிவர ஒரு பாதை வேண்டும். எங்கள் ஊரில் அதற்கென்ன பஞ்சம்? விடிந்ததும் மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார். எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய ஒரு லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி ஹாண்டில்பாரில் தலைகீழாகக் கட்டி, டியூபை கார்புரேட்டரில் சொருகியிருப்பார். அடி அண்ணாமலை டீக்கடையில் ஒருவர், “இன்னாங்க, வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டாராம். என் மாமியாருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. “மருமவ வந்த நேரம், புள்ளைக்கு பக்தி வந்துட்ச்சி. தெனம் மலைய சுத்தறான்!” என்று தெருவெல்லாம் சொன்னார். பாட்டிலைக்கூட அண்ணாமலையாருக்கு ஏதோ அபிஷேகம் என்றே நினைத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து எனக்குக் கார்டு வந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துப் பதிந்துவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்த கார்டு. தட்டச்சர் வேலைக்கு நேர்காணல், வேலூரில், காலை பதினோரு மணிக்கு. அப்போது வேலூர்தான் எங்களுக்கு மாவட்டத் தலைநகர், எதற்கும் அங்கேதான் ஓட வேண்டும். எனக்கென்று ஒரு சம்பளம், எனக்கென்று ஒரு மேஜை. அதை நினைத்து நினைத்து அரிசி களையும்போதுகூட விரல்கள் தாமாகவே டைப் அடித்துக்கொண்டிருந்தன.

“பஸ்ல போனா சேல கசங்கிடும். நான் வண்டியில கொண்டுபோய் எறக்கறேன்,” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவருக்கு நீண்ட ரோட்டில் ஒரு சோதனை தேவைப்பட்டது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அன்று கஞ்சி போட்ட சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக நான் எப்போதோ தயார். இவர்தான் பாட்டிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் எனக்கு ஒரு சாட்சியாவது கிடைத்திருக்கும்.

“அசையாம உக்காரு. குடை விரிக்காத, காத்து புடிச்சி இழுக்கும்,” என்றார். நானும் சிலை மாதிரி உட்கார்ந்தேன். எடை கூடிவிடும் என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதை அவர் சொல்லவில்லை, என் சொந்த மூளைதான். எருமை குறுக்கே வந்தாலும் இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. எருமைதான் ஒதுங்கிக்கொண்டது.

போளூர் வருவதற்குள்ளேயே காலடியில் அனல் அடித்தது. தீய்ந்த வாசனை. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நின்றிருந்தது. அதிலிருந்து “வேலூர், வேலூர்!” என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். இவர் தோளைத் தட்டினேன்.

“ஏங்க, நிறுத்துங்க. நான் பஸ்ல போயிடறேன்.”

“நிறுத்தி எடுத்தா கணக்கே கெட்டுடும். முள்ளு ஆடாம நாப்பதுலயே நிக்குது பாரு!”

நான் எட்டிப் பார்த்து, ஆமாங்க என்றேன். குதித்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே அந்தப் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் ஒருத்தி சாவகாசமாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தவாசல் தாண்டியதும் வண்டி ஒரு தடவை கீச்சிட்டது. பின்சக்கரம் இறுகி, ரோட்டில் இழுபட்டு நின்றது. பிஸ்டன் ஜாம். பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் உள்ளே போகிற வண்டி அது. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றும் குறையும். மலையைச் சுற்றும்போது காலைக் குளிரில், ஒற்றை ஆளாகப் போனதால் அது தாங்கியிருக்கிறது. இரண்டு பேர் பாரமும் வெயிலும் சேர்ந்ததும் மூச்சை விட்டுவிட்டது.

நான் புளியமரத்தடிக்குப் போய்ச் சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டினேன். இவர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தியா? பாதிகூட செலவாவல!”

அடுத்த பஸ் நிற்காமல் போனது. அதற்கடுத்ததில் படியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்துக் கிளார்க் நல்ல மனிதர். “பேரு பலமுறை கூப்டோம்மா. சார் உங்களுக்காக கொஞ்ச நேரம் பாத்துட்டுதான் எழுந்தாரு. அடுத்த பொண்ண எடுத்துட்டாங்க,” என்றார். உள்ளே யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. வேலூர் பஸ் ஸ்டாண்டில், யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதேன்.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு இவர் எனக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தார். நான் நுழைந்ததும் மாமியார், “ஏம்மா, இன்னிக்கு ஒரு நாளாவது அலங்காரத்த கம்மி பண்ணிக்கக் கூடாதா? பூ வெக்கறதுக்கே அவ்ளோ நேரமாமே!” என்றார். இவரைப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக்கை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் அவரே உண்மையைச் சொல்லிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். மகா புத்திசாலி நான்.

அவர் சொல்லவில்லை. இன்னொரு கார்டும் வரவில்லை.

போன மாதம் கொழுந்தனார் மகனுக்கு ரிசப்ஷன். “அஞ்சு மணிக்கெல்லாம் இருக்கணும் அண்ணி,” என்று போனில் சொன்னார். ஐந்துக்குப் போய் நின்றோம். மண்டபத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பந்தி ஏழு மணிக்குதாம்மா. அப்புறமா வாங்க,” என்றார். எல்லா விசேஷத்துக்கும் எனக்கு மட்டும் இரண்டு மணி நேரம் முன்னால் நேரம் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கம்.

சாப்பாட்டுக்கு அலைந்து வந்தவளைப் போல அங்கே நின்றபோது, நாற்பது வருஷமாகப் பொறுத்தது போதும் என்று தோன்றியது. “ஏங்க, வீட்ல இருக்கறவங்களுக்கு சொல்ல வேணாம். இந்த சமையல்காரர்கிட்டயாவது சொல்லுங்க, அன்னிக்கு ஏன் லேட்டாச்சுன்னு,” என்றேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சமையல்காரரை நோக்கி நடந்தார். சுவரோரம் நின்றிருந்த ஒரு புது மோட்டார் சைக்கிளைத் தட்டிக் கொடுத்தபடி கேட்டார்:

“உங்க வண்டிங்களா? மைலேஜ் எவ்ளோ குடுக்குது?”