செல்லசாமி வாங்கிய இடதுகை ஹைபிரிட்

செல்லசாமி அந்தக் கோல்ஃப் மட்டையை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதன் முகம் பந்தைப் பார்க்க மறுத்தது. பங்களாப் புல்வெளியில் கைகட்டி நின்ற தோட்டத்துத் தொரை அருகே வந்து குனிந்து பார்த்தார்.

“செல்லசாமி, இது இடதுகை ஹைபிரிட் இல்லையா?”

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் வேலை காலியாகியிருந்தது. புதுத் தொரைக்கோ கோல்ஃப் என்றால் உயிர். சின்னக் கிளாக்கர் செல்லசாமி, “எனக்கும் கொஞ்சம் ஆடத் தெரியுங்க சேர்” என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, நுவரெலியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் றிஷாத்திடம் ஓடினார்.

“லோங் அயன் மட்டை புதுசா ஆடுறவங்களுக்குச் சரிவராது. ஹைபிரிட்டை எடுங்க. அயன் மட்டையும் வுட் மட்டையும் கலந்த மாதிரி. புல்லுக்குள்ள கெடந்தாலும் பந்தைத் தூக்கிக் குடுக்கும்” என்றார் றிஷாத்.

விலையும் கொள்ளை மலிவு. ஏன் மலிவு என்று செல்லசாமி கேட்கவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமல் வாங்கினேன் என்றால் ஆடத் தெரியும் என்றது பொய்யாகிவிடும்.

“ஆமாங்க சேர். நான் பொறந்ததிலேருந்தே இடதுகைதான்.”

தொரைக்கு ஒரே சந்தோஷம். “அருமை! ஞாயித்துக்கிழமை நுவரெலியாவுல போட்டி. நீங்கதான் என் ஜோடி.”

அன்றிலிருந்து செல்லசாமியின் வலது கைக்கு லீவு. ஆபீசில் தேத்தண்ணிக் கோப்பை இடது கையில், பேனாவும் இடது கையில். மறுநாளே ஸ்டோர்காரர் அழகுமுத்து ஒரு சீட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“இது உங்க கையெழுத்து இல்லீங்களே.”

“என்னுதுதான்யா!”

“உங்களுது கோழி கிண்டின மாதிரி இருக்குங்க. இது முத்து முத்தா இருக்கு. யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

வெள்ளிக்கிழமை கோயிலில் நிலைமை இன்னும் மோசமானது. பக்கத்தில் தொரை நிற்க, செல்லசாமி திருநீற்றுக்கு இடது கையை நீட்டினார். பூசாரி தட்டைப் பின்னால் இழுத்து முறைத்தார். செல்லசாமி அவர் காதில், “வலது கைக்கு முடியலைங்க சாமி” என்று கிசுகிசுத்துத் தப்பினார்.

தப்பவில்லை. அவர் வீடு போவதற்குள் செய்தி போய்விட்டது.

“கையில வாதமாமே! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று நாகலெட்சுமி எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே அழுதாள்.

உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் நாகலெட்சுமியிடம் சொல்வதும் காலைப் பெரட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவைத்து அறிவிப்பதும் ஒன்று. செல்லசாமி வலது கையை எண்ணெய்க்குக் கொடுத்தார். அவளோ மஸ்கெலியாவில் இருக்கும் அவருடைய அக்கா ஜீவராணிக்குப் போன் போட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லசாமியின் பந்து நீளப் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய கிளாக்கர் வேலையும் அதோடு சேர்ந்து படுத்ததாகவே அவருக்குத் தோன்றியது.

“வாரி இழுக்காதீங்க. மேலேயிருந்து இறக்குங்க. தூக்கிவிடுறது ஹைபிரிட்டோட வேலை” என்றார் தொரை.

செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். பந்து எழும்பிப் போய்க் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை.

போட்டியில் ஜெயித்த தொரை, ஜீப்பில் அவரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

“பெரிய கிளாக்கர் வேலை உங்களுக்குத்தான் செல்லசாமி. ஆட்டத்துக்காக இல்ல. பொய் சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இடதுகைன்னு சொன்னீங்க, சொன்னபடியே ஆடிக் காட்டினீங்க. நீங்க நேர்மையான ஆள்.”

செல்லசாமிக்கு நெஞ்சு தாங்கவில்லை.

“மன்னிச்சிக்குங்க சேர். நான் சொன்னது பொய். நான் இடதுகைக்காரனே இல்லைங்க.”

தொரையின் முகம் சுருங்கியது. மஸ்கெலியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து காத்திருந்த ஜீவராணி அக்கா, எண்ணெய்ப் போத்தலோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

“எதுடா பொய்? பள்ளிக்கூடத்துல சேக்கிறதுக்கு முந்தி இவன் பீச்சாங்கைப் பழக்கத்தை மாத்துறதுக்காக எங்கம்மா அந்தக் கையைத் துணியால கட்டியில்ல வச்சிருந்தாங்க தொரை!”