அலெய்ன் பாதிரியாரைத் தொடர்ந்த குளிர்காற்று

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலயத்தில் நிறபேதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1983-ல் இதைத் தீர்மானமாகவே போட்டு பிஷப்புக்கு நகல் அனுப்பியிருக்கிறோம். அனுப்பியவன், கமிட்டிச் செயலாளரான அடியேன்தான்.

உதவிப் பாதிரியார் கார்ல்டன் அலெய்ன் கறுப்பர். ஆறு வருடமாக உதவிதான். தலைமைப் பாதிரியார் பதவி காலியானதும், "சபையார் அவரை ஏற்கிறார்களா?" என்று பிஷப் அறிக்கை கேட்டுவிட்டார்.

அங்கேதான் ஒரு சின்ன நிர்வாகச் சிக்கல். ஞாயிறு ஆராதனைத் திருவிருந்தில் வலப்பக்கம் நின்று சபையாரின் உள்ளங்கையில் அப்பம் வைப்பவர் ஓய்வுபெற்ற ஹாரோல்ட் பாதிரியார். வயது எண்பத்தொன்று, கை நடுங்கும், பாதி அப்பம் தரையில் விழும். அவர் வரிசையோ வாசல்வரை நிற்கும். இடப்பக்கம் அலெய்ன் முன்னால் ஈ, காக்கை இருக்காது.

கமிட்டி தீவிரமாக விசாரித்தது.

"இடப்பக்கம் குளிர்காத்து அடிக்குதுங்க. கழுத்துப் பிடிச்சுக்குது," என்றார் கமிட்டித் தலைவி மிசஸ் பெவிங்டன்.

அப்படியா சங்கதி! இருவரையும் இடம் மாற்றி நிறுத்தினோம். மறுவாரமே காற்று வலப்பக்கம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஹீட்டர் வைத்தோம். அதையும் மீறி அடித்தது. காற்று அலெய்னோடு கூடவே நடக்கிறது என்று கமிட்டி கனத்த மனதோடு முடிவுக்கு வந்தது.

அவரைக் கூப்பிட்டுப் பேசினோம்.

"இந்தக் குளிர் உங்களுக்கு ஆகாதுங்க ஐயா. நீங்க வெயில் தேசத்துக்காரர்," என்றார் மிசஸ் பெவிங்டன், அக்கறை சொட்ட.

"நான் பர்மிங்காம்ல பொறந்தவன்மா. பஸ்ல அரை மணி நேரம்."

"பார்த்தீங்களா, பஸ்ல வேற அலையறீங்க! உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. இந்த வேலை வேணும்மா. உங்க வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் ஓடி வந்திருக்கேனே."

டீ ஆறுகிறது என்றார் ஒருவர். "அன்னாரது உடல்நலத்தை முன்னிட்டுப் பரிந்துரைக்க இயலவில்லை" என்று நான் எழுதினேன்.

அலெய்ன் வேலையை விட்டுவிட்டார். போகிறார் என்று உறுதியானதும் சபையே உருகிவிட்டது. அவருடைய கடைசி ஞாயிறன்று அத்தனை பேரும் அவர் வரிசையில்தான் நின்றோம். நானும் போய்க் கை நீட்டினேன்.

அப்பத்தை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆறு வருஷத்துல உங்க உள்ளங்கையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால், காலிப் பதவிக்கான விளம்பரத்தில் "எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியைச் சேர்க்க நானே முன்மொழிந்தேன். கைதூக்காதவர் ஒருவர்கூட இல்லை.