பேர் சொல்லக் கூடாத கரடி

‘இண்டையிலயிருந்து இந்த வீட்டிலை நான் கரடி!’ அப்பிடித்தான் முடிவெடுத்தனான். சிரிக்காதேங்கோ.

வெள்ளைக்காரன் கப்பலேறேக்கை எங்கடை துறைமுகக் கந்தோர் அலுமாரியிலை விட்டிட்டுப்போன புத்தகம் ஒண்டு தந்த புத்தி அது. சனிக்கிழமை விடிஞ்சதும் என்ரை மனிசி இராசமலர், தன்ரை தாய் வாறாவாம், அடுப்புப் புகை பிடிச்ச குசினிக்குச் சுண்ணாம்பு அடியுங்கோ எண்டு ஒரே பிடியா நிண்டா. எனக்கோ பக்கத்துவீட்டுத் தவராசா ஆக்களோடை இறக்கக்கண்டிக்கு மீன்பிடிக்கப் போகவேணும். லொறி வாற நேரம். விட்டன் ஒரு அதட்டு.

“இஞ்சை பார். ஐரோப்பாவிலை ஆதிகாலத்துச் சனம் கரடியின்ரை உண்மையான பேரைப் பயத்திலை சொல்லாமலே விட்டிட்டுதாம். ‘மண்ணிறத்தான்’ எண்டுதான் சொல்லுமாம். இங்கிலீசுக்காரன் கரடிக்குச் சொல்லுற சொல்லே அதிலையிருந்து வந்ததாம்.”

“பாவங்கள். அதுக்கு?”

“கலியாணம் கட்டி ஒன்பது வருசம். ஒருநாளாவது என்ரை பேரைச் சொன்னனியோ? ‘இஞ்சாருங்கோ’தானே? ஏன்? பயம்! அப்ப நான் ஆர்?”

“கரடி.”

“கரடியைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலாமோ?”

“ஐயோ, ஏலாது.” கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. “ஏனப்பா, பேரைச் சொன்னா என்ன நடக்குமாம்?”

“சொன்ன உடனை கரடி முன்னாலை வந்து நிக்குமாம்!”

“எவ்வளவு தூரத்திலை நிண்டாலுமோ?”

“காடு கடந்தும் வரும்!”

“அம்மாடி!” எண்டு நெஞ்சிலை கை வைச்சா. எனக்கு வெண்ட புழுகம் தாங்கேல்லை.

லொறி வந்துது. தூண்டிலைத் தோளிலை போட்டுக்கொண்டு ஏறினன்.

“எப்பிடி மச்சான் மனிசி விட்டவ?” எண்டான் தவராசா.

“நான் கேட்டு வாறதில்லை, சொல்லிப்போட்டு வாறது” எண்டன். லொறி ஒழுங்கை முடக்கு மட்டும் போயிருக்கும்.

“கனகசுந்தரம்!”

ஒழுங்கையே திடுக்கிட்டுது. ஆரின்ரையோ கிணத்துக்கை வாளி விழுந்துது. வேலிக்கு மேலாலை நாலு தலை எட்டிப் பாத்துது. ஒன்பது வருசமா அந்த வாயிலை வராத என்ரை பேர்! வீட்டு வாசல் படலையடியிலை இராசமலர் நிண்டா. “கனகசுந்தரம்!” எண்டு திருப்பியும் ஒருக்கா, துறைமுகத்துக் கப்பலுக்கே கேக்கிற மாதிரி.

“எடியே, மானம் போகுது! என்ன வேலையடி இது?”

“பேர் சொன்னா வருமெண்டு சொன்னீங்கள். மெய்யோ எண்டு பாத்தனான்.”

சுண்ணாம்பு வாளியைக் கையிலை வாங்கின பிறகுதான், நான் லொறியாலை குதிச்சு ஓடிவந்து அவவுக்கு முன்னாலை நிக்கிறன் எண்டது எனக்கே விளங்கிச்சு.