கொண்டையப்பன் மூக்குல மீட்டர் கட்டின கதை

ஒரு காட்டுல, டவர் லேசா கிடைக்கிற பக்கமா, கொண்டையப்பன்னு ஒரு மரங்கொத்தி தொழில் பண்ணிட்டு இருந்துச்சு. கடை கிடையெல்லாம் இல்ல. மூக்குதான் கடை. கிளி, மைனா, அணில்னு யாரு வந்து கேட்டாலும் மரத்துல பொந்து போட்டுக் குடுக்கும்.

அதுக்கு ஒரு வழக்கம். மரத்தைப் பாத்த உடனே குடையாது. டொக்குனு ஒரு தட்டு, அப்புறம் காதை வெச்சுக் கேக்கும். ஒரு சாண் தள்ளி இன்னொரு டொக்கு. மறுபடி காது. பாக்குறவனுக்கு, என்னடா இது மரத்துக்கிட்ட குசலம் விசாரிக்குதேன்னு எரிச்சலா வரும்.

ஒரு திங்கக்கிழமை செவந்திங்கற கிளி வந்துச்சு. நிறைமாசம்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பொந்து வேணும். மேகம் வேற கூடிருச்சு. நனையுற இடத்துல முட்டையை வெக்க முடியுமா?"

"முடிச்சுடலாம் தாயி. நீ மரம் மரமா அலையாம உக்காரு."

அப்பதான் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து டைரக்டர் வந்தாரு. காட்டுல இருக்குற சின்னத் தொழில்காரங்க எல்லாம் ஆளுக்கு ஒரு கூடை பழம் போட்டு ஆரம்பிச்ச கூட்டுறவு ஆராய்ச்சி நிலையம் அது. தனித்தனியா ஆராய்ச்சி பண்ண யாருக்கும் வக்கில்ல, சேந்து பண்ணுவோம்னு நல்ல எண்ணம்தான். பெரிய இலவமரத்துல ஆபீசு. டைரக்டர் ஒரு கூழைக்கடா, மூக்கே முழ நீளம் இருக்கும். ஃபைலைப் பாத்துக்க கரையான். அந்த வேலைக்குக் கரையானை எவன் போட்டான்னு எங்கிட்ட கேக்காதீங்க.

"கொண்டையப்பா, உன்னை டிஜிட்டல் ஆக்கப் போறோம்."

"வலிக்குமாங்க?"

"ஃபாரம் நிரப்பும்போது மட்டும்."

பதினாலு பக்கம் ஃபாரம். மூக்கு நீளம், வால் நீளம், அப்பா மூக்கு நீளம். அதை முடிச்சதும் மூக்குல ஒரு மீட்டரைக் கட்டிட்டுப் போயிட்டாரு. மூணு நாள் அது எண்ணுச்சு. வியாழக்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டாரு.

"நீ தட்டினது நாலாயிரம் தட்டு. அதுல மூவாயிரத்து எண்ணூறு தட்டுல ஓட்டையே விழலையே! எல்லாம் வெட்டித் தட்டு."

"அது காது வெச்சுக் கேக்குறதுங்க. உள்ள மரம் எப்படி இருக்குன்னு..."

"ஃபாரத்துல காதுக்குக் கட்டமே இல்லையேப்பா."

கொண்டையப்பன் தலையைச் சொறிஞ்சுச்சு. கட்டம் இல்லாத காதை வெச்சுக்கிட்டு இத்தனை வருசம் ஓட்டிட்டோமேன்னு அதுக்கே வெக்கமாப் போச்சு.

"இனிமே நேரா குடை. இந்தா ஒரு போனு, எந்த மரம்னு அதுவே சொல்லும். பக்கத்துல எது இருக்கோ அதான். பறக்குற நேரம் மிச்சம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. செவந்தி ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிக்குது.

"அண்ணே, தாங்காது போல!"

"இரு தாயி, ஓடிபி வரணும்."

டவர் கிடைக்கறது ஆபீசு வாசல்ல மட்டும்தான். ரெண்டு பேரும் அங்க போயி நின்னாங்க. ஓடிபி வந்துச்சு. போனு மரமும் சொல்லுச்சு: பக்கத்துல இருக்குறது இலவமரம்.

"ஐயா, இது உங்க ஆபீசு. தட்டிப் பாத்துக்கட்டுமா? ஒரே ஒரு தட்டு?"

மேலேர்ந்து டைரக்டர் கத்தினாரு: "ரிப்போர்ட் கெட்டுப் போயிடும்! ரூல்படி நடப்பா!"

கொண்டையப்பன் ரூல்படி நடந்துச்சு. ஒரே குத்து.

ஃபைல் தீந்துபோயி நாலு மாசமா கரையான் மரத்தைத்தான் தின்னுட்டு இருந்திருக்கு. மடமடன்னு மொத்த ஆபீசும் தரையில. டைரக்டர் மூக்கு நிறைய மண்ணு.

"ஐயோ, வெட்டித் தட்டு ஒண்ணு தட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே!"ன்னு கத்துச்சு செவந்தி. "இப்ப என் முட்டை?"

கொண்டையப்பன் மீட்டரைக் கழட்டி வீசுச்சு. பக்கத்து வேப்பமரத்துக்குப் போச்சு. டொக்கு, காது. டொக்கு, காது. நல்ல இடமாப் பாத்து, சாயங்காலத்துக்குள்ள பொந்தை முடிச்சுச்சு. செவந்தி உள்ள நுழையவும் மழை கொட்டவும் சரியா இருந்துச்சு. ரெண்டு முட்டை.

வெளியில ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க பதினாறு பேரு, தேக்கிலையைத் தலையில கவுத்துக்கிட்டு நனையுறாங்க.

"கொண்டையப்பா, எங்களுக்கும் ஆளுக்கொரு பொந்து!"

"வரிசையில நில்லுங்க. ஃபாரம் இருக்கா?"

டைரக்டரு உடம்பு எந்தப் பொந்துலயும் நுழையல. மூக்குக்கு மட்டும் தனி ரூம் போட்டுக் குடுத்துச்சு.

அடுத்த மாசம் ரிப்போர்ட் வந்துச்சு. மூக்கை உள்ள விட்டுக்கிட்டே டைரக்டர் எழுதினது: 'டிஜிட்டலுக்கு முன்னாடி ஆர்டர் ஒண்ணு. அப்புறம் பதினேழு. மாபெரும் வெற்றி.'

அதைப் படிச்சுட்டுத் தேன் விக்கிற கரடி ஓடி வந்துச்சு. "எப்படிய்யா சாதிச்ச?"

"அவரு சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம செஞ்சேன். அவ்வளவுதான்."

கரடி ஒரு நிமிசம் யோசிச்சுது. அப்புறம் புது ஆபீசு எந்த மரத்துலன்னு விசாரிச்சுக்கிட்டே கிளம்புச்சு.

நீதி: கடைக்குக் கூட்டம் வேணும்னா, யோசனை சொல்ல வர்றவன் கூரையை முதல்ல இறக்குங்க. அதையும் அவன் சொன்ன ரூல்படியே இறக்குங்க, அவனே பாராட்டி எழுதுவான்.