இரு கல்லூரித் தராசுப் பரணி

வாழ்க ஸ்டானிஸ்லாஸ்! உப்புக்காற்றை உண்டு வளர்ந்த உரத்த தோளினன். கப்பல் வயிற்றில் கிடக்கும் கோதுமை மூட்டையையும் இரும்புச் சுருளையும் ஒரே கொக்கியில் தூக்கி, வானில் அரைவட்டம் காட்டி, கரையில் பூப்போல இறக்கிவைக்கும் கிரேன் வேந்தன். ராயபுரம் மாதா கோயில் பின்தெருவில், ஓலைத் தட்டியால் சமையலறை தடுத்த ஒண்டுக்குடித்தனம் ஒன்றின் ஒப்பற்ற தலைவன். கடலே, சாட்சி சொல். ஹார்பர் சங்கே, முழங்கு. எண்ணூர்ப் புகைக்கூண்டே, புகைவதைச் சற்று நிறுத்திவிட்டுக் கேள். எழுபத்திரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கிய வேளையில், அவன் தன் மனைவி சிலுவையம்மாளோடு பொருத பெரும்போரை உள்ளது உள்ளபடி பாடுகிறேன்.

போருக்குக் காரணம், போர் எல்லாவற்றுக்கும் போலவே, ஒரு பெண். அவர்களுடைய ஒரே மகள் டோரதி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே முதலாக வந்துவிட்டாள். உடனே நகரில் புனிதைகள் இருவரின் பெயர் தாங்கிய இரு தனியார் மகளிர் கல்லூரிகள், அர்ச்சியசிஷ்ட அகத்தம்மாள் கல்லூரியும் அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் கல்லூரியும், பி.யு.சி. படிக்க வா என்று அவளுக்கு இடமும் தந்து, மார்க்குக்கான உதவித்தொகையும் தந்துவிட்டன. ஒன்று தந்திருந்தால் குடும்பம் ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கும். இரண்டு தந்ததால் சட்டி பானை உருண்டது.

ஏனெனில் அவ்விரு கல்லூரிகளையும் வேறுபடுத்திக் காட்ட வல்லார் வடசென்னையில் எவருமில்லை. இரண்டையும் நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். இரண்டின் வாசலிலும் கருங்கல் சிலுவை, அதன்மேல் காகம். இரண்டின் விவரப் புத்தக அட்டையிலும் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதனடியில் படிப்பதாகப் பாவனை செய்யும் மூன்று பெண்கள். அகத்தம்மாள் படிப்புச் சம்பளம் முழுவதையும் தள்ளுபடி செய்தாள். ஆனால் புத்தகமும் சோறும் உன் பாடு என்றாள். லூசியம்மாள் பாதிச் சம்பளம் கட்டு என்றாள். ஆனால் புத்தகமும் பஸ் பாஸும் மதியச் சோறும் நான் தருகிறேன் என்றாள். ஸ்டானிஸ்லாஸ் அடுப்புக்கரியால் தரையில் கூட்டிப் பார்த்தான். சிலுவையம்மாள் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். ஜென்மத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே விடை வந்தது, அதுவும் எந்த உதவிக்கும் இல்லாத விடை.

இதற்குமேல் ஒரு ரகசியமும் இருந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், ஸ்டானிஸ்லாஸ் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் லூசியம்மாள் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, உதவித்தொகை வாங்கிக் கொடுத்தால் மகளை உன் கல்லூரிக்கே அனுப்புகிறேன் என்று நேர்ந்துகொண்டான். அதே நாட்களில் சிலுவையம்மாள் அகத்தம்மாளிடம் அச்சு மாறாமல் அதையே நேர்ந்துகொண்டாள். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அந்தத் தெருவின் திடமான நம்பிக்கையாதலால் இருவரும் வாய் திறக்கவில்லை. புனிதைகள் இருவரும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார்கள். லூசியம்மாளோ கண்ணுக்குக் காவல். கிரேன்காரனுக்குக் கண் போனால் சோறு போயிற்று. அகத்தம்மாளோ தீக்குக் காவல். சிலுவையம்மாளின் ஸ்டவ்வுக்கு ஒரு முழம் தள்ளி ஓலைத் தட்டி. ஆகவே இருவரும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

திங்கட்கிழமை மாலைக்குள் ஒரு கல்லூரியில் சேர்ந்து மற்றதைக் கைவிட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ உச்சிக்கு ஏறிவிட்டது. அப்போது, வஞ்சிரம் விற்று முடித்து, கூடையைக் கவிழ்த்து, தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த புஷ்பவல்லியைத் தடுத்து நிறுத்தி, எடையறிந்த ஏந்தல் ஸ்டானிஸ்லாஸ் தெரு அதிர முழங்கினான்:

"ரெண்டு புக்கையும் எட போடு. எதுல சரக்கு ஜாஸ்தி கீதோ அந்தக் காலேஜுதான் ஒசத்தி."

"காலேஜ மீன் தராசுலயா?" என்றாள் புஷ்பவல்லி.

"கப்பலே எடைலதான் கீது."

விவரப் புத்தகங்கள் இரண்டும், இரு பெரும்படைகள் களம் புகுவதென, தட்டுகளில் ஏறின. குடித்தனங்கள் அனைத்தும் மூச்சடக்கி நின்றன. லூசியம்மாள் தட்டு தாழ்ந்தது. வேந்தன் மீசையை முறுக்கினான். சிலுவையம்மாள், புலியைக் கண்ட புலியாய்ப் பாய்ந்து, தட்டின் அடியில் விரலை விட்டாள்.

"செதிலு ஒட்டிகினு கீது. இது இன்னா நாயம்?"

செதில் களையப்பட்டது. அகத்தம்மாள் தாழ்ந்தாள். அவளுடைய அட்டையில் குழம்பு எண்ணெய் ஊறிக் கனத்துவிட்டது என்று ஸ்டானிஸ்லாஸ் ஆட்சேபித்தான். எண்ணெய் துடைக்கப்பட்டது. கடற்காற்று வீசியது. இரு தட்டுகளும் ஊஞ்சலாடி, ஆடி, கடைசியில் ஒரே மட்டத்தில் நின்று களத்தைக் கேலி செய்தன. அந்த இடைவெளியில்தான் இருவர் வாயிலிருந்தும் நேர்ச்சை ரகசியம் ஒரே மூச்சில் வெளிப்பட்டது. அதன்பின் நடந்த வாக்குவாதத்தை வருணிக்க என் தமிழ் போதாது. குழம்பு அடிப்பிடித்தது என்பதோடு நிறுத்துகிறேன்.

இவ்வளவு நேரமும் யாருக்காகப் போரோ அவளை யாரும் கேட்கவில்லை. டோரதி வாசலுக்கு வந்தாள். அங்கே பக்கத்து வீட்டு அப்துல் வஹாபின் மகள் ஜெரினா, சிறு வயது முதல் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கையில் ஒரு காலிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். ஒரு வாரமாக இப்படித்தான் வருகிறாள். சர்க்கரை கேட்கிறாள், வாங்கிக்கொள்கிறாள், போகாமல் நிற்கிறாள்.

"இன்னா ஜெரி? சக்கர வேணுமா?"

"வேணாம்." கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "அகத்தம்மாவுல லிஸ்ட்ல அடுத்த பேரு என்துதான். நீ வேணாம்னு சொன்னாதான் அந்தப் பணம் எனக்கு. பணமில்லாம வாப்பா படிக்க வெக்க மாட்டாரு. சொல்லக் கூடாதுன்னுதான் சக்கர கேட்டு வந்து வந்து நின்னுகினு கீறேன்."

"லூசியம்மாவுல கேக்கலியா?"

"அதுக்குப் பாரிஸ் கார்னர்ல பஸ் மாறணும். வாப்பா வுடமாட்டாரு."

அகத்தம்மாளுக்குத் தெரு முனையிலிருந்தே ஒரே பஸ். ஜெரினாவும் தானும் அந்தப் பஸ்ஸில் ஒரே சீட்டில் போவதாக டோரதி இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் எந்தப் புனிதையிடமும் நேர்ந்துகொள்ளவில்லை. திரும்பி உள்ளே போனாள்.

"நான் லூசியம்மாவுக்குப் போறேன், நைனா."

எழுந்தது வெற்றி ஆரவாரம். "பாத்தியா, தராசு பொய் சொல்லாது" என்று முழங்கினான் ஸ்டானிஸ்லாஸ். தராசு ஒன்றுமே சொல்லவில்லை என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. சிலுவையம்மாள் மட்டும் மகளைப் பார்த்தாள்; வாசலில் கிண்ணத்தோடு அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தாள்; தன் ஓலைத் தட்டியையும் ஒருமுறை பார்த்தாள்.

"அகத்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "அவங்களும் பொம்பளதானே."

இங்ஙனம் இரு புனிதைகளும் சினம் தணிய, கிரேன் வேந்தன் கண்ணொளி குன்றாது கொக்கி செலுத்த, ஸ்டவ்வு சாதுவாய் எரிய, அடிப்பிடித்த குழம்பைப் பகைவர் இருவரும் ஒரே சட்டியில் வழித்துண்டு சமாதானம் எய்த, சங்கு முழங்க, அலை ஆர்ப்பரிக்க, வடசென்னை வரலாற்றின் மாபெரும் கல்விப்போர் நிறைவுற்றது.

காலேஜ் திறந்த அன்று ஜெரினா ஒரு பஸ்ஸிலும் டோரதி வேறு பஸ்ஸிலும் போனார்கள்.